கோஹிபாவா... குப்பையா? சுருட்டைச் சோதிக்கும் சூட்சுமம் இதுதாங்க!

கூடுவாஞ்சேரி: மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கினால், ஜி.எஸ்.டி. ரோட்டில் நேராக கூடுவாஞ்சேரிதான். நந்திவரம், ஊரப்பாக்கம், பொத்தேரி, மறைமலைநகர் என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் வெளிநாட்டில் பிள்ளையோ மாப்பிள்ளையோ இருக்கும் வீடு ஒன்றாவது இருக்கும். முன்பெல்லாம் ஊருக்கு வருகிறவர்கள் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். இப்போது சிலர் பெட்டியில் பளபளக்கும் சுருட்டும் வந்து இறங்குகிறது.

"இது கியூபா சரக்கு மாமா, ஒண்ணு ஆயிரக்கணக்குல விலை" என்று மாப்பிள்ளை நீட்டுவார். மாமாவும் வாயில் வைத்து நாலு இழு இழுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்பார். உண்மையிலேயே நல்லா இருந்ததா, விலையைக் கேட்டதால் நல்லா இருந்ததா என்பது அவருக்கே தெரியாது!

சுருட்டு நல்லதா கெட்டதா என்று சொல்ல மந்திரம் ஒன்றும் வேண்டாம். கண்ணு, மூக்கு, விரல், நாக்கு நாலும் போதும். மேலே சுற்றியிருக்கும் தங்கக் கலர் பட்டையை மட்டும் நம்பக் கூடாது. உலகத்தின் பெரிய பெரிய நிபுணர்களே அந்தப் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் மார்க் போடுகிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

(புகையிலை எந்த வடிவில் வந்தாலும் உடம்புக்குக் கேடு. பழக்கம் இல்லாதவர்கள் தொடங்க வேண்டாம். அந்தச் சங்கதி கீழே விரிவாக இருக்கிறது. அதைப் படிக்காமல் போய்விடாதீர்கள்.)

நம்மூரு சொத்துங்க இது!

சுருட்டு என்றாலே கியூபா என்று நினைக்கிறோம். ஆனால் வெள்ளைக்காரன் அகராதியில் இருக்கும் 'செரூட்' என்ற வார்த்தையே நம்ம 'சுருட்டு'தான். போர்த்துக்கீசியர்கள் புகையிலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நாம் அதைச் சுருட்டிக் காட்டி, பெயரையும் கொடுத்து அனுப்பினோம்.

திண்டுக்கல் பக்கம் விளைந்த இலையை வைத்து திருச்சி உறையூரில் சுருட்டிய சுருட்டுக்கு 19ஆம் நூற்றாண்டில் லண்டன் வரை மவுசு. 'டிரிச்சினாப்பள்ளி' என்று சொன்னாலே அங்கே சுருட்டு என்றுதான் அர்த்தம். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் கடை போட்டிருந்த ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரில் 1948-ல் மத்திய அரசு புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதற்கும் அந்த வட்டாரத்துச் சுருட்டு இலையும் வாய்ப்புகையிலையும்தான் காரணம். கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலும் சுருட்டு சுற்றுவது பெரிய குடிசைத் தொழிலாக இருந்தது.

சர்ச்சிலுக்குத் திருச்சி சுருட்டுதான் உயிர் என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. மனுஷன் 1895-ல் கியூபாவுக்குப் போனவர். அடுத்த ஆண்டே, 1896-ல், ராணுவ அதிகாரியாக பெங்களூருக்கு வந்தவர். இங்கே இருந்தபோது நம்ம சுருட்டைப் பிடித்துப் பார்த்திருந்தால் ஆச்சரியம் இல்லை. ஆனால் பிற்காலத்தில் அவர் வாயில் இருந்தது பெரும்பாலும் கியூபா சுருட்டுதான். 7 அங்குல நீளச் சுருட்டு ரகத்துக்கு இன்றைக்கும் 'சர்ச்சில்' என்றே பெயர்.

கோயில் படையலிலும் சுருட்டுக்கு இடம் உண்டு. முனீஸ்வரன், கருப்பசாமி மாதிரி காவல் தெய்வங்களுக்குச் சுருட்டு வைத்துக் கும்பிடுவது நம்ம பக்கத்து வழக்கம். புது வண்டி வாங்கி சென்னை பல்லவன் சாலை பாடிகார்ட் முனீஸ்வரனிடம் பூஜை போட்டவர்களுக்கு இது தெரியாததல்ல.

ஆக, கியூபா சுருட்டைச் சோதிக்கும் அதே கணக்கில் உறையூர் சுருட்டையும் சோதிக்கலாம். இலை இலைதானே!

மூணு இலை... மூணு வேலை

கையால் சுருட்டிய நல்ல சுருட்டில் மூன்று அடுக்கு இருக்கும். உள்ளே இருப்பது உள்ளிலை. அதைப் பிடித்து உருவம் கொடுப்பது கட்டு இலை. எல்லாவற்றுக்கும் மேலே அழகாகச் சுற்றியிருப்பது மேலிலை. மேலிலை மெல்லியது, ஓட்டை உடைசல் இல்லாதது. தோட்டத்தில் விலை உசத்தியான இலை இதுதான்.

உள்ளிலையில்தான் சமையல்காரரின் கைப்பக்குவம். புகையிலைச் செடியில் அடியில் இருக்கும் இலை லேசானது, சுலபமாக எரியும். நடுவில் இருக்கும் இலை வாசனை கொடுக்கும். உச்சியில் வெயிலை முழுசாக வாங்கிய இலை தடிப்பாக, காரமாக இருக்கும், மெதுவாக எரியும். மூன்றையும் எந்த அளவில் கலப்பது என்பதுதான் ஒவ்வொரு கம்பெனியின் ரகசியம். சாம்பார்ப் பொடிக்கு வீட்டுக்கு வீடு ஒரு அளவு இருப்பது மாதிரி.

மலிவான மெஷின் சுருட்டில் முழு இலை இருக்காது. தூளும் துண்டும்தான். சிலதில் புகையிலைத் தூளைக் கூழாக்கி, காகிதம் மாதிரி தகடாக்கிச் சுற்றியிருப்பார்கள். அறுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல சுருட்டில் நீளமான இலைகள் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை மடிப்பு மடிப்பாக ஓடும்.

இலையைப் பறித்ததும் சுருட்டிவிட முடியாது. முதலில் காய வைக்க வேண்டும். அப்புறம் அம்பாரமாக அடுக்கிப் புழுங்க விட வேண்டும். வைக்கோல் போருக்குள் கையை விட்டால் சுடுமே, அதே மாதிரி உள்ளே சூடு ஏறும். சூடு கூடினால் பிரித்து மாற்றி அடுக்குவார்கள். இப்படிப் புழுங்கும்போதுதான் அமோனியா நெடி வெளியேறி, இலை கருத்து, வாசனை பிடிக்கும். அவசரப்பட்டு எடுத்த இலை நாக்கைக் குத்தும், மூக்கில் நெடி ஏறும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சோதனையில் உதவும்.

முதல்ல கண்ணு... அப்புறம் விரல்

பற்ற வைப்பதற்கு முன்னாடியே பாதி மார்க் தெரிந்துவிடும்.

பார்க்க வேண்டியது: மேலிலை ஒரே நிறமாக இருக்கிறதா? வெளிர் பழுப்பில் இருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரை பல நிறம் உண்டு. கறுப்பாக இருந்தால் காரம், வெளுப்பாக இருந்தால் லேசு என்று நினைப்பது தப்புக் கணக்கு. நிறம் மேலிலையோடது. காரம் பெரும்பாலும் உள்ளிலையோடது. மேலிலையில் லேசான எண்ணெய் மினுமினுப்பு இருந்தால் நல்ல அறிகுறி. நரம்பு தடித்துத் துருத்திக்கொண்டிருந்தால், தையல் பிரிந்த மாதிரி ஓரம் தூக்கியிருந்தால் மார்க்கைக் குறைத்துவிடலாம்.

தொட்டுப் பார்க்க வேண்டியது: கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு வாருங்கள். ஒரே சீராக, கொஞ்சம் அமுங்கித் திரும்ப வேண்டும். ஓர் இடத்தில் கல் மாதிரி இருந்தால் அங்கே புகை அடைக்கும். ஓர் இடத்தில் தொளதொள என்று இருந்தால் அங்கே சூடாக எரியும். அழுத்தும்போது 'சரக் சரக்' என்று அப்பளம் மாதிரி சத்தம் கேட்டால் காய்ந்து போன சரக்கு.

முகர்ந்து பார்க்க வேண்டியது: பற்ற வைக்கும் முனையை மூக்கருகே வைத்து முகருங்கள். காய்ந்த வைக்கோல், மரப்பெட்டி, கொக்கோ மாதிரி வாசனை வந்தால் சரி. அமோனியா நெடி வந்தால் இலை பக்குவமாகவில்லை. பூசணம் பிடித்த வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

வெட்டிய பின் ஒரு சோதனை: கியூபா ரகச் சுருட்டில் வாயில் வைக்கும் முனை மூடியிருக்கும். சின்னத் தொப்பி மாதிரி ஒரு துண்டு இலை ஒட்டியிருப்பார்கள். அந்தத் தொப்பிக்குள்ளேயே மெல்லிசாக வெட்ட வேண்டும். தொப்பியைத் தாண்டி வெட்டினால் மேலிலை மொத்தமும் பிரிந்துவிடும். செரூட் என்று பேர் வாங்கிய நம்மூர் ரகத்தில் இரண்டு முனையும் திறந்தே இருப்பதால் இந்த வேலை மிச்சம். வெட்டியதும் பற்ற வைக்காமலே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற அளவுக்கு எதிர்ப்பு இருந்தால் சரி. காற்று மட்டும் வந்தால் தளர்ந்த சுருட்டு. மூச்சு முட்டினால் இறுகிய சுருட்டு. இந்தக் கட்டத்திலேயே இலையின் இனிப்போ உப்போ நாக்கில் தெரிந்துவிடும்.

பத்த வைக்கிறதுல இருக்கு சங்கதி

பெட்ரோல் லைட்டர், மெழுகுவர்த்தி இரண்டும் கூடாது. அந்த வாடை சுருட்டில் ஏறிக்கொள்ளும். அப்புறம் பெட்ரோலுக்குத்தான் மார்க் போட வேண்டியிருக்கும். கேஸ் லைட்டரோ, நீளமான மரத் தீக்குச்சியோ போதும். தீக்குச்சியாக இருந்தால் தலையில் உள்ள மருந்து எரிந்து முடியும் வரை பொறுங்கள்.

சுருட்டைத் தீயில் நேரடியாக முக்கக் கூடாது. தீக்கு மேலே கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வாட்ட வேண்டும். கத்தரிக்காய் சுடுகிற மாதிரி எல்லாப் பக்கமும் சூடு பட வேண்டும். ஓரம் முழுக்கக் கனிந்த பிறகு மெதுவாக இழுத்தால் வட்டம் சீராகப் பிடிக்கும்.

அப்புறம் நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுத்தால் போதும். பீடி மாதிரி விடாமல் இழுத்தால் உள்ளே சூடு ஏறி, நல்ல சரக்கும் கசந்துபோகும். புகை வாயோடு சரி. வாய்க்குள் சுழற்றி வெளியே விட்டுவிட வேண்டும். அனுபவசாலிகள் கொஞ்சம் புகையை மூக்கு வழியாக வெளியே விடுவார்கள். நுரையீரலுக்குள் இழுத்து விடுவதல்ல இது, வாயில் இருப்பதை மட்டும் மூக்கு வழியாகத் தள்ளுவது. மிளகுக் காரம் நாக்கைவிட மூக்கில்தான் துல்லியமாகத் தெரியும் என்பது அவர்கள் கணக்கு.

வெறும் வயிற்றில் பிடித்தால் வேர்த்துக் கொட்டும், தலை சுற்றும், குமட்டும். சுருட்டின் தரம் மோசம் என்று அர்த்தம் அல்ல. நிக்கோடின் செய்கிற வேலை அது.

மூணு பாகம்... மூணு ருசி

நல்ல சுருட்டு சினிமா மாதிரி. தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று பாகம் இருக்கும். முதல் பாகத்தில் மேலிலையின் ருசி தூக்கலாக இருக்கும். நடுப் பாகத்தில் கலவை பிடிபடும். கடைசிப் பாகத்தில் எண்ணெயும் தாரும் சேர்ந்து காரம் கூடும். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் சராசரி. மாறிக்கொண்டே போனால் உசத்தி. கடைசிப் பாகம் வேப்பங்காயாகக் கசந்தால், அந்த இடத்தில் வைத்துவிட வேண்டியதுதான். அணைத்து நசுக்க வேண்டாம், சாம்பல் கிண்ணத்தில் வைத்தால் தானே அணையும்.

ருசியைச் சொல்ல வெள்ளைக்காரர்கள் தோல், ஈரமண், தேவதாரு என்றெல்லாம் எழுதுவார்கள். நமக்கு அந்தப் பாஷை எதற்கு? வறுத்த காபிக்கொட்டை, சுக்கு, மிளகு, கருப்பட்டி, வறுத்த முந்திரி, பாட்டியின் பழைய மரப்பெட்டி, மழை விழுந்த புழுதி... நாக்குக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லத் தேவையே இல்லை.

இதில் இரண்டு விஷயத்தைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். காரம் வேறு, ருசி வேறு. காரம் என்பது நிக்கோடின் ஏறுகிற வேகம், தலையில் தெரியும். ருசி நாக்கில் தெரியும். தலை கிறுகிறுத்தது என்பதற்காகச் சுருட்டு பிரமாதம் என்று சொல்வது, கண்ணில் தண்ணி வந்ததால் குழம்பு பிரமாதம் என்று சொல்வது மாதிரி!

சாம்பல் சொல்லும் ஜாதகம்

துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸை எல்லோருக்கும் தெரியும். 1887-ல் வந்த அவருடைய முதல் நாவலில், கொலை நடந்த அறையில் விழுந்து கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சி சுருட்டு என்று கண்டுபிடிப்பார். கறுத்த நிறம், செதில் செதிலாக உதிரும் தன்மை. இதுதான் அவருக்குக் கிடைத்த துப்பு. கதைதான் என்றாலும், இங்கிலாந்தில் உட்கார்ந்து எழுதிய கானன் டாயில், நம்ம திருச்சி சுருட்டின் பெயரைச் சொன்னாலே வாசகர்களுக்குப் புரியும் என்று நம்பினார் பாருங்கள், அங்கேதான் நிற்கிறது நம்மூர் பெருமை!

சாம்பலில் நிஜமாகவே சேதி இருக்கிறது. மண்ணில் உள்ள தாது உப்புகள் இலைக்குள் ஏறும். மெக்னீசியம் கூடுதலாக இருந்தால் சாம்பல் வெளுக்கும். பொட்டாசியம் இருந்தால் இலை நின்று நிதானமாக எரியும். குளோரைடு கூடினால் எரியவே மறுக்கும், அடிக்கடி அணையும். உப்புத் தண்ணி பாய்ந்த தோட்டத்து இலை வாயில் போட்டு மெல்ல உதவுமே தவிர, சுருட்டுக்கு ஆகாது என்பதற்கு இதுதான் காரணம்.

நன்றாகக் கட்டிய சுருட்டில் சாம்பல் ஓர் அங்குலம் வரைக்கும் உதிராமல் நிற்கும். தூள் போட்டு அடைத்த சுருட்டில் சட்டை மேலேயே கொட்டும். வெள்ளைச் சாம்பல்தான் உசத்தி என்பது மட்டும் கட்டுக்கதை. நிறம் மண்ணைச் சொல்லும், ருசியைச் சொல்லாது.

எரிகிற வட்டத்தையும் கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் வேகமாக எரிந்து படகு மாதிரி ஆகிறதா? மேலே எரியாமல் உள்ளே மட்டும் குடைந்துகொண்டு போகிறதா? அடிக்கடி அணைகிறதா? மூன்றுமே கட்டுக்கோப்பு சரியில்லை என்பதன் அடையாளம். ஆனால் காற்றடிக்கிற இடத்தில், மகாபலிபுரம் கடற்கரையில் உட்கார்ந்து பிடித்துவிட்டு சுருட்டைக் குறை சொன்னால் அது நியாயம் இல்லை.

மார்க் போடுறது எப்படி?

அமெரிக்காவில் 1992-ல் மார்வின் ஷாங்கன் தொடங்கிய 'சிகார் அஃபிசியனாடோ' பத்திரிகை 100-க்கு மார்க் போடும் முறையைப் பிரபலமாக்கியது. தோற்றமும் கட்டுக்கோப்பும், எரியும் விதம், ருசி, மொத்த அனுபவம் என்று நாலு தலைப்பு. 95-க்கு மேல் வந்தால் அபூர்வம். 90 முதல் 94 வரை பிரமாதம். 80 முதல் 89 வரை நல்லது. 70-களில் வந்தால் சுமார். 70-க்குக் கீழே போனால் காசைக் கரியாக்காதே என்று அர்த்தம்.

அங்கே பட்டையைக் கழற்றி, பேர் தெரியாமல் நம்பர் மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். எந்த ஊர், என்ன விலை என்று பிடிப்பவருக்குத் தெரியாது. பேர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும் என்பது அவர்களுக்கே தெரியும்.

வீட்டிலேயும் இதைச் செய்யலாம். மாப்பிள்ளை கொண்டுவந்த சுருட்டு ஒன்று, உறையூர் சுருட்டு ஒன்று. பட்டையைக் கழற்றி 1, 2 என்று நம்பர் போடச் சொல்லுங்கள். ஒரே நாளில் இரண்டையும் பிடிக்க வேண்டாம், நாக்கு மரத்துப்போகும், உடம்புக்கும் கேடு. வேறு வேறு நாளில், அதே நேரத்தில், சாப்பாட்டுக்கு அப்புறம், பக்கத்தில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணி. நாலு தலைப்பிலும் ஒரு காகிதத்தில் மார்க். அப்புறம் பேரைப் பாருங்கள். பல பேருக்கு முகம் மாறும்!

போலியைப் பிடிப்பது எப்படி?

2022-ல் கியூபா தன்னுடைய கோஹிபா சுருட்டு விலையை உலகம் முழுக்க ஏற்றியது. விலை ஏறினால் போலியும் பெருகும். ஏமாறாமல் இருக்க சில வழிகள்:

* கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கோஹிபா என்று கொடுத்தால் சந்தேகமே வேண்டாம், போலிதான். கியூபா அப்படிப் பெட்டி போடுவதில்லை.

* அசல் கியூபா பெட்டியின் அடியில் கியூபாவில் செய்தது, முழுக்கக் கையால் செய்தது என்று ஸ்பானிஷ் மொழியில் சூட்டுக் கோலால் முத்திரை குத்தியிருக்கும். விரலால் தடவினால் பள்ளம் தெரியும். தொழிற்சாலைக் குறியீடும், பெட்டியில் அடைத்த மாதமும் ஆண்டும் இருக்கும். பக்கவாட்டில் கியூபா அரசின் உத்தரவாத முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும்.

* பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம், பட்டை எல்லாம் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று கோணல், ஒன்று வெளுப்பு என்றால் உஷார்.

* "ஹவானாவில் ஒரு ஆளு, தொழிற்சாலையிலேயே வேலை பாக்கிறவன், பாதி விலைக்குக் கொடுத்தான்" என்ற கதை வந்தால் மேலே கேட்கவே வேண்டாம். சுற்றுலா வந்தவர்களிடம் சொல்லப்படும் பழைய கதை அது.

* அமெரிக்காவில் இருந்து வந்தவர் 'அங்கே கடையில் வாங்கிய கியூபா சுருட்டு' என்று சொன்னால் யோசியுங்கள். 1962-ல் இருந்தே அமெரிக்காவில் கியூபா சரக்குக்குத் தடை. அந்தத் தடை உத்தரவில் கையெழுத்துப் போடும் முன்னால், அதிபர் கென்னடி தனக்காக 1,200 கியூபா சுருட்டு வாங்கி வைக்கச் சொன்னார் என்று அவருடைய பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிங்கரே பிற்காலத்தில் போட்டு உடைத்தார். பயணிகள் பையில் கொண்டுவரக் கொடுத்த சலுகையும் 2020-ல் ரத்தானது.

* ஆனால் அமெரிக்காவில் 'கோஹிபா' என்றே பேர் போட்ட டொமினிகன் குடியரசுச் சுருட்டு பல ஆண்டுகளாக விற்கப்பட்டது. அது போலி இல்லை, வேறு கம்பெனி. அந்தப் பேருக்காக கியூபாவும் அமெரிக்கக் கம்பெனியும் பல ஆண்டுகள் கோர்ட் படி ஏறின. மாப்பிள்ளையைத் திட்டுவதற்கு முன் பட்டையில் ஊர்ப் பேரைப் பாருங்கள்.

* இந்தியாவில் கடையில் விற்கும் புகையிலைப் பெட்டி எதுவாக இருந்தாலும், இறக்குமதி சரக்காகவே இருந்தாலும், படத்தோடு கூடிய எச்சரிக்கை இருக்க வேண்டும். அது இல்லாமல் கடையில் விற்றால், முறையாக வந்த சரக்கு இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

நம்மூர் வெயிலும் வண்டும்

சுருட்டுக்குப் பிடித்தது 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும். நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில் மே மாதம் எப்படி இருக்கும் என்று சொல்லவே தேவையில்லை. வெயில் ஏறினால் புகையிலை வண்டின் முட்டை பொரியும். மேலிலையில் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டையும், பெட்டி அடியில் தூளும் தெரிந்தால் வண்டு வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். மழைக்காலத்தில் பூசணம். ஏ.சி. ரூமில் வைத்தால் காய்ந்து வெடிக்கும். நல்ல சுருட்டு நம்மூர் அலமாரியில் ஆறு மாதம் கிடந்துவிட்டு ருசி கெட்டிருந்தால், கம்பெனி மேல் தப்பு இல்லை.

"உள்ளே இழுக்கலைன்னா ஆபத்து இல்லை"ங்கிறது நிஜமா?

இல்லவே இல்லை. சுருட்டு பிடிப்பவர்கள் சொல்லும் பெரிய சமாதானம் இதுதான். இதுதான் பெரிய பொய்யும்.

சிகரெட்டில் 1 கிராமுக்கும் குறைவாகத்தான் புகையிலை இருக்கும். பெரிய சுருட்டு சிலவற்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கும் அளவுக்குப் புகையிலை இருக்கும். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. அதனால் நிக்கோடின் நுரையீரலுக்குப் போகாமலே, வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், நாக்கு, தொண்டை எல்லாம் அந்தப் புகையில் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று ஊறிக்கொண்டே இருக்கின்றன. வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்க்கு சுருட்டும் காரணம் என்று மருத்துவ உலகம் எப்போதோ முடிவு செய்துவிட்டது. ஆந்திரக் கடலோரத்தில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுட்டா பிடிக்கும் பெண்களுக்கு மேல் அண்ணத்தில் புற்றுநோய் வருவதை டாக்டர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

கையால் செய்தது, கலப்படம் இல்லாதது, விலை உசத்தி என்பதெல்லாம் ருசிக்குத்தான். புற்றுநோய்க்கு விலைப்பட்டியல் தெரியாது. 95 மார்க் வாங்கிய சுருட்டும் வாய்க்குச் செய்வது அதே வேலைதான்.

மூடிய அறையில் பிடித்தால் பக்கத்தில் இருக்கும் பேரப் பிள்ளைக்கும் அந்தப் புகை போகும். சிகரெட் சில நிமிஷத்தில் அணைந்துவிடும். சுருட்டு ஒரு மணி நேரம் புகையும்.

வாயில் இரண்டு, மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம், காரணம் தெரியாத குரல் கம்மல்... இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கூடுவாஞ்சேரியில் இருந்து மின்சார ரயிலில் போய்வரும் தூரம்தான். அடையாறில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் உருவான புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்த வாய்ப்பு அதிகம்.

சட்டம் என்ன சொல்லுது?

2003-ல் வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சுருட்டுக்கும் பொருந்தும். பொது இடத்தில் பிடித்தால் அபராதம். ரயில் நிலையம், பஸ் நிலையம், ஓட்டல் எல்லாம் இதில் அடக்கம். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. பள்ளி, கல்லூரியில் இருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் பக்கம் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டில் இருந்து கொண்டுவருவதற்கும் அளவு உண்டு. 2016-ல் வந்த பேக்கேஜ் விதிகள் சுருட்டுக்கு 25 என்று வரம்பு வைத்தன. அதைத் தாண்டினால் வரி உண்டு. கிளம்பும் முன் சுங்கத்துறை விதியை ஒரு தடவை பார்த்துக்கொண்டால் ஏர்போர்ட்டில் வாக்குவாதம் மிச்சம்.

ஏற்கெனவே சுருட்டோ பீடியோ சிகரெட்டோ பிடித்துக்கொண்டிருப்பவர்கள், விட வேண்டும் என்று நினைத்தால் மத்திய அரசின் இலவச உதவி எண் 1800-11-2356. போன் போட்டால் விடுவதற்கு ஆலோசனை சொல்வார்கள். காசு கிடையாது.